டெய்சி உட்காரும் இடங்கள்

மூன்று கிழமையாக, வாராவாரம் வரும் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் ஆசிரியருக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறீர்கள். போன செவ்வாய்க்கிழமை ஒரு வாசகி, "அவவுக்குச் சுகமில்லையோ, அல்லது எழுத விஷயம் முடிஞ்சுபோச்சோ?" என்று கேட்டாராம்.

இரண்டும் இல்லை. விஷயம் கூடிப்போனதால்தான் எழுத முடியவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — எனக்கு ஒரு நாய்மேல் பொறாமை. விளையாட்டுப் பொறாமை இல்லை. சோறு தொண்டையில் இறங்காத பொறாமை. ஐம்பத்திரண்டு வயதில், சம்பந்தி வீடு பார்க்கிற வயதில், பக்கத்து வீட்டு நாயோடு மனதுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டு திரிந்தேன். சிரியுங்கள். வேறொருத்தி சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நாயின் பெயர் டெய்சி. கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கும் ஐரீனுடையது. கட்டைக் கால், தொங்கும் காது, ஒன்பது வயது. டிசம்பர் தொடக்கத்தில் ஐரீன் தன் வாசல் பாதையில் ஐஸில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பிளாஸ்டர் போட்ட கையோடு நாயை யார் வெளியே கொண்டுபோவது? வேலிக்கு மேலால் இந்தக் கேள்வி வந்தபோது நான் அனுதாபமாகத் தலையை ஆட்டினேன். அனுதாபத்துக்குக் கைகால் அசைக்கத் தேவையில்லை அல்லவா? பக்கத்தில் நின்ற இவரோ, தானே தினமும் கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டார்.

இவர் என்றால் என் கணவர். பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன் — ஐம்பத்தெட்டு வயது, பெற்றோல் ஸ்டேஷனில் பின்னேர ஷிப்ட். குளிர் கண்ணில் காட்டக் கூடாது. சமையலறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தால் முன்னறையில் இருந்து சத்தம் வரும். கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னால் முழங்கால் நோகும். இப்படிப்பட்ட மனிதர், காலை ஏழு மணி இருட்டில், ஊரான் வீட்டு நாயோடு நடக்கப் போகிறேன் என்கிறார்... என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

இந்த நாட்டுக் குளிரில் நாயோடு நடப்பது லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் உடுப்பு. உள்ளே ஒரு நீளக் காற்சட்டை, மேலே ஒரு காற்சட்டை, இரண்டு சோடி சொக்ஸ், ஸ்வெட்டர், கோட், குரங்குத் தொப்பி, கையுறை. இவ்வளவையும் மாட்டி முடித்த பிறகு நாயின் கழுத்துப்பட்டியில் கொளுக்கியைப் போட விரல் வளையாது. கையுறையைக் கழற்று. போட்டதும் திரும்ப மாட்டு. நடைபாதையில் கவுன்சில் உப்புத் தூவினால் அது நாயின் பாதத்தில் எரியும். தூவாவிட்டால் மனிதர் மல்லாந்து விழுவார். வீடு திரும்பியதும் நாயின் நாலு காலையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கில் சிக்கிய ஐஸ் உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

இவர் எல்லாம் செய்தார். தினமும் செய்தார். முணுமுணுக்காமல் செய்தார். கால் கழுவ எடுத்தது நான் உளுந்து ஊறப்போடும் பேசின் சட்டி என்பதை மட்டும் நான் இரண்டு கிழமை கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

எனக்குள் புகையத் தொடங்கியது அப்போதுதான். கல்யாணம் முடித்து இருபத்தொன்பது வருசம். சாப்பிட்ட கோப்பையை எடுத்து சிங்கில் போட்ட கை இல்லை அது. அந்தக் கை இப்போது நாய் போனதைப் பிளாஸ்டிக் பையில் அள்ளி, முடிச்சுப் போட்டு, குப்பைத்தொட்டி வரை பக்குவமாகத் தூக்கிக்கொண்டு போகிறது. நான் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்னொன்று. என்னை இவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எல்லாவற்றுக்கும் 'இஞ்சரும்' தான், அதாவது 'இங்கே பாரும்'. தேத்தண்ணி வேண்டும் என்றாலும் 'இஞ்சரும்'. கண்ணாடியைக் காணவில்லை என்றாலும் 'இஞ்சரும்'. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து எது என்று நான் பிடிக்க வேண்டும். ஆனால் நாய்க்கு? வாசலில் இருந்து தெருமுனை போவதற்குள் இருபது 'டெய்சி'. நடுவில் ஒரு 'குட் கேர்ள்' வேறு. இருபத்தொன்பது வருசமாக நான் என்ன கெட்ட கேர்ளாகவா இருந்தேன்?

பிறகு வடை. ஒரு வெள்ளிக்கிழமை வைரவருக்குப் படைக்கச் சுட்ட வடையில் இரண்டு குறைந்தது. கோட் பொக்கற்றில் எண்ணெய்க் கறை. பிடித்துக் கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் பதில் வந்தது.

"வைரவருக்கு வடைமாலை சாத்தலாம், அவரின்ரை நாய் வாகனத்துக்கு ஒரு வடை குடுக்கப்படாதோ?"

சைவ வீட்டில் பிறந்தவள் வைரவரின் வாகனத்தைப் பட்டினி போடலாமா? அடுத்த வெள்ளி இரண்டு வடை கூடச் சுட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

ஆனால் வடையும் பேசினும் எல்லாம் மேலுக்கு. உள்ளே குத்தியது வேறு. சனிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் பஸ் எடுத்துக் கோயிலுக்குப் போய், அப்படியே மரக்கறியும் வாங்கி வருவது வழக்கம். கிழமையில் நாங்கள் ஒன்றாக இருப்பது அந்த நாலு மணித்தியாலம்தான். அதை இவர் டிசம்பரில் இருந்து நிறுத்திவிட்டார். கோயிலில் சனம் கூடவாம். கால் நோவாம். 'நீர் போயிட்டு வாரும்' என்பார். நான் அர்ச்சனைப் பையோடு தனியாக பஸ்ஸில் இருப்பேன். கோயிலில் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி — அண்ணை எங்கை? நாயோடு என்று சொல்ல முடியுமா? ஷிப்ட் என்று சொன்னேன். சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு கிழமைக்கு ஒரு பொய்.

என்னோடு நடக்கக் கால் நோகிறது. நாயோடு பனியில் ஒரு மணித்தியாலம் நடக்க நோகவில்லை. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

இதில் என் மானத்தை வாங்கிய விஷயம் ஒன்று இருக்கிறது. செப்டெம்பரில் இதே பத்தியில் இவரை மெச்சி எழுதியிருந்தேன்... ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஆண்கள் மனைவியோடு நடக்கும் அழகு தெரிந்ததுதானே. அவர் பத்தடி முன்னால், கையை வீசிக்கொண்டு. நாங்கள் பைகளோடு பின்னால். லண்டன் வந்து பதினாலு வருசத்தில் இவருடைய முகத்தை விட முதுகைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவர் ஒரு நாள், பஸ் நிறுத்தத்தில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் நின்று, "நீர் முன்னாலை நடவும், நான் பின்னாலை வாறன்" என்றார். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். நான் பூரித்துப்போனேன். லண்டன் இவரைத் திருத்திவிட்டது என்று ஒரு பத்தி முழுக்க எழுதினேன். உங்களில் எத்தனை பேர் கடிதம் போட்டீர்கள்! ஒரு சகோதரி அதை வெட்டி, தன் கணவர் பார்க்கிற மாதிரி பிரிட்ஜில் ஒட்டியதாக எழுதியிருந்தார். நான் நிலத்தில் நிற்கவில்லை.

அப்படித் திருந்திய மனிதரைத்தான் டெய்சி கொத்திக்கொண்டு போய்விட்டதாக நினைத்தேன்.

ஜனவரி கடைசியில் இவருக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு நெருப்பு. எழும்ப ஏலாமல் படுத்துவிட்டார். அன்று விடிய யன்னலைத் திறந்தால் வெளியே அரையடிப் பனி. வாசலில் நின்ற பால் போத்தல்களுக்குக் கழுத்து மட்டும்தான் தெரிந்தது. ஏழு மணியானதும் இவர் போர்வையை விலக்கிக்கொண்டு காலைக் கீழே வைக்கப் பார்த்தார். டெய்சி பார்த்துக்கொண்டிருக்குமாம். நான் தோளைப் பிடித்துத் திரும்பப் படுக்க வைத்து, இன்றைக்கு நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

முகம் மாறிவிட்டது. "நீர் போகவேண்டாம். ஒரு நாள் போகாட்டி நாய் செத்துப் போகாது" என்றார்.

பாருங்கள் கதையை. காய்ச்சலோடு தான் எழும்பிப் போவாராம்; ஆனால் என் கையில் அந்த நாய் வாரைத் தரமாட்டாராம். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் போகக் கூடாதோ? எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. அந்த நாய் அப்படி என்னதான் சொக்குப்பொடி போட்டிருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டேன். மகளின் பழைய காற்சட்டை, இவருடைய பூட்ஸ், உள்ளே மூன்று சோடி சொக்ஸ். ஐரீன் வீட்டுக் கதவைத் தட்டியபோது டெய்சி வாலை ஆட்டிக்கொண்டு வந்து, என்னைக் கண்டதும் ஆட்டுவதை நிறுத்தி, எனக்குப் பின்னால் இவரைத் தேடியது. அது என் எரிச்சலுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியது.

தெருமுனை வரை ஒழுங்காக வந்தது. முனையில் ஒரு சிவப்புத் தபால் பெட்டி. அங்கே வந்ததும் நாய் பனியிலேயே உட்கார்ந்துவிட்டது. இழுத்தேன். வரவில்லை. வாரைத் தட்டினேன். அசையவில்லை. மணம் பிடிக்கவில்லை, ஒன்றுக்குப் போகவில்லை, ஒன்றும் செய்யவில்லை. தலையை நிமிர்த்தி என் முகத்தையே பார்த்தது. என்ன, என் முகம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு தானாக எழும்பி, உடம்பை உதறிவிட்டு நடந்தது.

அடுத்தது சின்ன தேவாலயம். அதன் குட்டைச் சுவருக்குப் பக்கத்தில் திரும்பவும் அதே கதை. பிறகு பஸ் நிறுத்தம். ஏற்றம் தொடங்கிய பிறகு இன்னும் மோசம். ஒரு மின்கம்பம், ஒரு வீட்டின் பச்சைக் கேற், தபாற்கந்தோர் வாசல்... இருபது அடி நடக்கும், உட்காரும், என் முகத்தைப் பார்க்கும். என் கால்விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. மூக்கு நுனி மரத்துவிட்டது. இந்தச் சோம்பேறிப் பிராணிக்காகவா இந்த மனிதர் என்னையும் கோயிலையும் விட்டார் என்று தமிழில் இருக்கிற நல்ல வார்த்தைகள் எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். தெருவில் கேட்க யாரும் இல்லை.

ஏற்றத்தின் உச்சியில் பூங்கா வாசல். அங்கே ஒரு பெஞ்ச். ஏழாவது தடவையாக டெய்சி உட்கார்ந்தது. அந்த நேரம் பால்காரர் தன் வண்டியைப் பனியில் மெல்ல உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார். நாய்க்கு முதலில் வணக்கம் சொன்னார். இந்த ஊரில் மரியாதை அந்த ஒழுங்கில்தான் கிடைக்கும். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் அவருடைய மனைவியா, அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். காய்ச்சல் என்றேன்.

காய்ச்சலைக் கேட்கவில்லை, நெஞ்சு வலியைக் கேட்டேன் என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. கிறிஸ்மஸுக்கு முந்தின கிழமை இவர் இந்த பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். முகம் சாம்பல் நிறமாம். பால்காரர் தன் வண்டியில் ஏற்றி உட்கார வைத்து, அம்புலன்ஸுக்கு ரெலிபோன் எடுக்கப் போயிருக்கிறார். இவர் கையைப் பிடித்து மறித்துவிட்டாராம். 'என் மனைவி டாக்டரிடம் நேரம் எடுத்து வைத்திருக்கிறா' என்றாராம். நல்ல மனைவி என்று தான் நினைத்ததாகவும் பால்காரர் சொன்னார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

பரவாயில்லை என்றாராம் என்று சொன்னேன். அவர் சந்தோஷமாகப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். டெய்சி என்னைப் பார்த்தது. நான் டெய்சியைப் பார்த்தேன். அது சோம்பேறி இல்லை. தபால் பெட்டி, குட்டைச் சுவர், பஸ் நிறுத்தம், மின்கம்பம்... எல்லாம் இவருக்கு நெஞ்சு இறுகி, மூச்சு வராமல் நின்ற இடங்கள். இரண்டு மாதமாகத் தினமும் நின்றிருக்கிறார். நாய் படித்துவிட்டது. இவர் நின்றால் உட்கார வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், மூச்சு வந்ததும் எழும்ப வேண்டும். அன்று அது என் முகத்தில் தேடியதும் அதைத்தான்.

குளிர் காலையில் ஒரு மனிதர் தெருவில் தனியாக அடிக்கடி நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். நாயோடு நின்றால்? நாய் எதையோ மணம் பிடிக்கிறது என்று நினைத்துப் போய்விடுவார்கள். தன்னால் இன்னும் நடக்க ஏலும் என்று தனக்குத்தானே காட்ட இவருக்கு ஒரு நாய் தேவைப்பட்டிருக்கிறது. 'நீர் முன்னாலை நடவும்' என்றதும் அதற்குத்தான். திருந்தவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தான் நிற்பதை நான் காணக் கூடாது என்று என்னை முன்னால் அனுப்பியிருக்கிறார். நான் திரும்பிப் பார்க்காமல் ராணி மாதிரி நடந்துபோய், அதைப் பத்தியாகவும் எழுதி, உங்களிடம் கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

ஓட வேண்டும் போல இருந்தது. டெய்சி ஓட விட்டால்தானே? திரும்பும் வழியிலும் ஒவ்வொரு இடமாக உட்கார்ந்தது. இப்போது நான் இழுக்கவில்லை. தேவாலயத்துக் குட்டைச் சுவரில் பனியைத் தட்டிவிட்டு நானும் இருந்தேன். அழுதேன். கன்னத்தில் கண்ணீர் சுட்டது, அடுத்த கணம் குளிர்ந்தது. அந்த நேரத்திலாவது என் பொறாமை போனதா? இல்லை... கூடியது. இருபத்தொன்பது வருசம் கூட இருந்தவளுக்குத் தெரியாதது இந்தக் கட்டைக் காலுக்கு இரண்டு மாதத்தில் தெரிந்திருக்கிறதே.

வீட்டுக்கு வந்தபோது இவர் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. பூட்ஸைக் கூடக் கழற்றாமல் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"எத்தினை நாளா?"

"ஆவணியிலை இருந்து... கொஞ்சம் கொஞ்சமா."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

போர்வையின் ஓரத்தைத் தடவினார். பிறகு சொன்னார்.

"உமக்குச் சொன்னா நீர் கேள்வி கேப்பீர். காலமை கேப்பீர், மத்தியானம் கேப்பீர். எனக்குப் பயம் கூடும். அது ஒண்டும் கேக்காது. நான் நிண்டா நிக்கும், நடந்தா நடக்கும்."

சண்டை பிடிக்க வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதற்கு இந்தப் பத்தியே சாட்சி — எத்தனை கேள்விக்குறி போட்டிருக்கிறேன், எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு மாதமும் நான் இவரை வாய்மூடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வடை எங்கே? பேசின் ஏன் நாறுகிறது? நாயோடு போக மட்டும் கால் நோகாதோ? எல்லாக் கேள்வியும் நாயைப் பற்றி. மனிதரின் முகம் ஏன் வற்றிப்போய்க் கிடக்கிறது என்று ஒரு தடவை கேட்கவில்லை.

அன்று மத்தியானமே டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பதினொரு நாள் வைத்திருந்தார்கள். வயர் பூட்டிப் பார்த்து, ஓடும் பட்டியில் நடக்க வைத்துப் பார்த்து, கடைசியில் இரத்தக் குழாய் மூன்று ஒடுங்கியிருக்கிறது, ஒபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். நாள் இன்னும் வரவில்லை. இன்னும் ஒரு மாதம் அந்த ஏற்றத்தில் நாயோடு ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்த டாக்டர் நாகரிகமாகச் சொன்னார். அந்த வசனத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அந்தப் பதினொரு நாளும் டெய்சியை நான்தான் நடத்தினேன். தபால் பெட்டியில் அது உட்காரும்போதெல்லாம் நானும் நிற்பேன். வைரவரை நினைப்பேன். வேறு என்ன செய்ய?

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். நாக்கின் கீழ் வைக்க மாத்திரை. மெல்ல நடக்கலாம், ஆனால் ஏற்றம் வேண்டாம், தனியாகப் போகக் கூடாது, குளிர் காற்று நெஞ்சுக்குள் போகாமல் வாயைச் சால்வையால் மூட வேண்டும் என்பது கட்டளை. அதனால் காலை பத்து மணிக்கு, வெளிச்சம் வந்த பிறகு, மூன்று பேரும் போகிறோம். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நடைபாதையை அடைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறோம். எதிரே வருகிறவர்கள் தெருவில் இறங்கிப் போகட்டும்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். இவர் நிற்பதற்கு ஒரு நொடி முன்பே டெய்சி நின்றுவிடுகிறது. எப்படித் தெரிகிறதோ அதற்கு. நான் இன்னும் இரண்டடி போய்த்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

நேற்றும் அப்படித்தான். குட்டைச் சுவருக்குப் பக்கத்தில் நின்றார். டெய்சி உட்கார்ந்தது. 'நோகுதோ? மாத்திரை வைச்சிருக்கிறியளோ? வீட்டை போவமோ?' என்று மூன்று கேள்வி என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மூன்றையும் விழுங்கினேன். எதிர்வீட்டு மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் போனது... இன்னொரு நிமிடமும் போனது.

"இண்டைக்கு அவ்வளவு நோகேல்லை" என்றார்.

குனிந்து நாயைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் தமிழில் சொன்னார்.

டெய்சிக்குத் தமிழ் தெரியாது.